அண்ணனின் கறுப்பு பேன்ட்

விழிஞ்ஞம்
19 ஜனவரி 2025

மதினி அறிய சுஜா எழுதுவது.

போனில் பேசினால் நாம் இருவரும் கத்துவோம், நடுவில் மீனு அழுவாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அன்று சாயங்காலமே அது உங்கள் கோவில் அன்னையர் சபை முழுக்கச் சுற்றிவரும். அதனால்தான் தாள்.

நீங்கள் கண்ணாடி போட்டு அனுப்பிய படம் வந்தது. அண்ணனை அடக்கம் பண்ணுவதற்கு முன்னால், பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்று எடுத்த படம். உங்கள் வீட்டுச் சுவரில் அது இருக்கட்டும். என் அறையில் மாட்ட முடியாது. கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஏன் என்று கேட்பதற்கு முன்னால் படத்தை ஒருமுறை பாருங்கள். அண்ணன் தலைமாட்டில் நீங்களும் மீனுவும். கால்மாட்டில் நான். மேலே துறைமுகத்து ஆரஞ்சு ஜாக்கெட். இடுப்புக்குக் கீழே உங்கள் மஞ்சள் துணி. முட்டிக்கு நேராகச் சிவப்பு நூலில் 'அன்னையர் சபை' என்று தைத்திருப்பது தூரத்திலிருந்தே வாசிக்க முடிகிறது. கடையில் விலைச்சீட்டு ஒட்டிய பொம்மை மாதிரி நிற்கிறேன்.

அன்றைக்குப் போன் வந்த கையோடு துறைமுகத்துக் கிரேன் அறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். அண்ணன் போனது என் கண் முன்னால். கையெழுத்துப் போட்டது, ஆம்புலன்ஸ் பிடித்தது, குழி வெட்ட ஆள் பார்த்தது எல்லாம் நான். சாயங்காலமே அடக்கம் என்று பேசி முடித்தபோது உடுப்பு மாற்ற எனக்கு நினைவே இல்லை. கோவில் வாசலுக்கு வந்தால் நேசமணி அக்கா உங்கள் சபை அங்கே வைத்திருக்கும் துணிப்பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து நீட்டுகிறாள். "பேன்ட் இட்டோண்டு உள்ள கேறப் பாடில்ல மக்கா. இதக் கெட்டிக்கோ, ஒரு மணிக்கூறு காரியம்தானே." அண்ணன் உள்ளே போய்விட்டான். நான் வாசலில் நாடா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த முடிச்சு விழவே மாட்டேன் என்றது.

இரண்டு விஷயம். ஒன்று, மே மாதம் தன் உறுதிப்பூசுதலுக்கு அத்தைதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று மீனு கேட்டாள். சரி என்றுவிட்டேன். இரண்டு, அண்ணனுடைய அந்தக் கறுப்பு பேன்ட். துறைமுகத்தில் நான் வாங்கிய முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது. அவன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் போட்டுக்கொள்வான். அது எனக்கு வேண்டும். அவனும் நானும் ஒரே உயரம்தான். இடுப்பை மட்டும் பிடித்துக்கொள்வேன்.

சுஜா

*

கழக்கூட்டம்
27 ஜனவரி 2025

சுஜா பிள்ளைக்கு மதினி எழுதுவது. நீ எப்படித் தொடங்கினாலும் சேசு உன்னைக் காக்கட்டும் என்றுதான் நான் தொடங்குவேன்.

படம் வந்தது. கண்ணாடி உடைந்துதான் வந்தது. செத்தவர் படத்தைத் திருப்பி அனுப்பும் பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது. மீனு கையைக் கிழித்துக்கொண்டு கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினாள்.

நீ அன்றைக்கு ஓடியாடிச் செய்ததை நான் மறுக்கவில்லை. எனக்குக் காலும் கையும் ஓடவில்லை, நீதான் எல்லாம் பார்த்தாய். ஆனால் கோவில் கோவில்தான். உனக்காக ஒரு சட்டம், ஊருக்காக ஒரு சட்டம் என்று இருந்தால் நாளைக்குச் சபைத் தலைவி என்று என்னை யார் மதிப்பார்கள்?

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நான் கல்யாணமாகி இந்த மலையாளத்து ஊருக்கு வந்த புதிதில் தமிழ்ப் பூசை கிடையாது. உன் அண்ணன் ஹோட்டலில் அடுப்படி வேலை. நான் மூன்று வீட்டில் பாத்திரம் கழுவினேன். ஒருநாள் வேலை முடிந்து அப்படியே நைட்டியும் தோளில் துவாலையுமாகப் பூசைக்குப் போய்விட்டேன். பெஞ்சில் இருந்த ஒரு பெண் மூக்கைச் சுளித்து, "பாண்டிச்சியா? அங்ஙோட்டு மாறி நில்லு" என்றாள். தமிழச்சி என்றால் அன்றைக்கு அவர்களுக்கு அதுதான் பேர். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்று பூசை கண்டேன். நற்கருணை வாங்கக் கூடப் போகவில்லை. அடுத்த மாதம் தவணைக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு போன அன்றைக்கு அதே பெண் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். அந்த இடத்தை நான் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. நம் பிள்ளைகளை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்றுதான் அந்தப் பெட்டியே வைத்தது. நீ அதை விலைச்சீட்டு என்கிறாய்.

சேலைதான் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. சுடிதார் போடலாம், நீளப் பாவாடை போடலாம். ஆண்பிள்ளை மாதிரி இரண்டு காலும் தெரிய வந்து பீடத்துக்கு முன்னால் நிற்காதே என்பதுதான் பங்குச்சாமி சொல்வது. ஞானத்தாயாக வருகிறவள் எல்லார் முன்னாலும் பிள்ளையின் தோளில் கைவைத்து நிற்க வேண்டும். அன்றைக்காவது ஒழுங்காக வா. என் மாம்பழக் கலர் சேலையை இஸ்திரி போட்டு வைக்கிறேன்.

பேன்ட் அலமாரியில்தான் இருக்கிறது. பார்க்கிறேன்.

மதினி ஜெபமலர்

*

விழிஞ்ஞம்
9 பிப்ரவரி 2025

மதினி அறிய,

கண்ணாடி உடைந்ததற்கு வருந்துகிறேன். மீனுவின் கை எப்படி இருக்கிறது?

அந்தத் தூண் கதை உண்மையிலேயே எனக்குத் தெரியாது. வாசித்தபோது அந்தப் பெண்ணின் மூக்கைப் பிடித்துத் திருகலாம் போல இருந்தது. ஆனால் மதினி, உடுப்பைப் பார்த்து உங்களைத் தூணுக்கு விரட்டினாள் ஒருத்தி. நீங்கள் அவளை வெறுத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் அவள் வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். அவளுக்காவது வாய் மட்டும்தான் இருந்தது. உங்களிடம் பெட்டியும் துணியும் தையல் மெஷினும் இருக்கின்றன.

சுடிதார் போடலாம் என்கிறீர்கள். சுடிதாருக்குக் கீழே இருப்பது என்ன? இரண்டு கால் உள்ள உடுப்புதானே? மேல்சட்டை முட்டிக்குக் கீழே இறங்கிவிட்டால் ஆண்டவருக்கு அது தெரியாதா? சப்பரம் தூக்குகிற பயல்கள் முக்கால் கால்சட்டையில் ரோமம் தெரிய மாதாவுக்கு முன்னாலேயே நடக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு துணியும் தைத்து வைக்கக் காணோம்.

உங்களுக்குச் சேலை இடம் வாங்கிக் கொடுத்தது. எனக்கு என்ன கொடுத்தது தெரியுமா? பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையில் நான் வேலைக்கு நின்றேனே, நினைவிருக்கிறதா? கடைச் சேலை, தோளிலும் இடுப்பிலும் ஊசி. உட்காரக் கூடாது. மடிப்பு சரியில்லை என்று சொல்லி, சரிசெய்கிறேன் என்று சொல்லி, சூப்பர்வைசர் கை வைப்பான். எல்லார் முன்னாலும்தான். ஒருத்தரும் அதை மரியாதைக்கேடு என்று சொல்லவில்லை, நான் ஒழுங்காக உடுத்தியிருந்தேன் அல்லவா. துறைமுகத்தில் பேன்ட் போட்ட முதல் நாள் படியில் ஏறும்போது இரண்டு கையும் எனக்கு மிச்சமிருந்தது. எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அண்ணன் கேட் வரைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டான். வாட்ச்மேனிடம் போய், "எந் தங்கச்சியாக்கும். கப்பல்ல உள்ள பெட்டிய எல்லாம் இவதான் தூக்கப் போறா" என்றான். அந்த வாட்ச்மேன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

சட்டம் பங்குச்சாமி போட்டது என்கிறீர்கள். சாமி மலையாளத்துக்காரர், தமிழ்ப் பூசைக்கு மாதத்தில் இரண்டு முறை வருகிறவர். மஞ்சள் துணி அவரா தைத்தார்?

மே மாதம் கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை. இஸ்திரி நன்றாகப் போட்டுக்கொண்டு வருவேன். பேன்ட்டை மறந்துவிடாதீர்கள். அதை மட்டும் அனுப்புங்கள், மாம்பழக் கலர் வேண்டாம்.

சுஜா

*

கழக்கூட்டம்
2 மார்ச் 2025

சுஜா பிள்ளைக்கு,

உன் கடிதத்தை நான் இரண்டுமுறை கிழிக்கப் போனேன். அவள் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன் என்று எழுதிவிட்டாய். அந்தச் சொல் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. ஜவுளிக்கடைக்காரன் விஷயத்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் உன் அண்ணன் அவனை நடக்கவிட்டிருக்க மாட்டார். எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

விபூதிப் புதன் வருகிறது. மனசில் கசப்போடு நெற்றியில் சாம்பல் வாங்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் உன் கோபத்துக்கும் என் சட்டத்துக்கும் நடுவில் ஒரு வழி யோசித்தேன். இந்தப் பார்சலைப் பிரித்துப் பார்.

உன் அண்ணனுடைய பேன்ட்தான் அது. உள்தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நடுவில் அவருடைய கல்யாணக் கோட்டிலிருந்து முக்கோணத் துண்டு வெட்டி வைத்து, கீழே மறுபடி அகலம் கொடுத்து, கணுக்கால் வரை இறங்குகிற பாவாடையாக்கியிருக்கிறேன். துணி அருமையான துணி, நீ நல்லதாகத்தான் பார்த்து எடுத்திருக்கிறாய். உனக்குப் பை இருந்தால்தான் பிடிக்கும் என்று அவருடைய பக்கத்துப் பையை அப்படியே விட்டிருக்கிறேன். இதுவரை நான் தைத்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது.   வாசலில் உன்னிடம் யாரும் மஞ்சள் துணி நீட்ட வேண்டாம், உனக்கும் அண்ணன் உடுப்பில் வந்த மாதிரி இருக்கும்.

மீனுவிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சின்னப் பிள்ளை, அவளுக்கு இதெல்லாம் புரியாது. நீ கட்டிப் பார்த்துவிட்டு எழுது. இடுப்பில் அரை அங்குலம் விட்டிருக்கிறேன்.

மதினி

*

விழிஞ்ஞம்
10 மார்ச் 2025

மதினி,

யாரைக் கேட்டு வெட்டினீர்கள்?

நான் கேட்டது பேன்ட். அவன் போட்ட மாதிரியே, இரண்டு காலோடு. அதன் முட்டியில் துணி தேய்ந்து பளபளவென்று இருக்கும், உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் முழங்கால் போட்டுத் தேய்ந்தது. அவன் கோவிலில் முழங்கால் போட்ட அடையாளம் அது ஒன்றுதான் நம் வீட்டில் மிச்சமிருந்தது. பாவாடையை விரித்துத் தேடினேன். ஒரு முட்டி பக்கவாட்டுக்குப் போயிருக்கிறது. இன்னொன்று பாதி தையல் மடிப்புக்குள் போய்விட்டது.

நல்ல மனசோடு செய்தீர்கள் என்று நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் நான் அதைப் போட்டுக்கொண்டு கோவிலுக்கு வருவேன் என்று எழுதினேன், அடுத்த பார்சலில் அது பேன்ட்டாக இல்லை. என்னை உள்ளே விடாமலிருக்க அண்ணனை வெட்ட வேண்டியிருந்ததா உங்களுக்கு? அவன் கல்யாணக் கோட்டையும் விட்டுவைக்கவில்லை.

திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை, கட்டவும் மனம் வரவில்லை. வேறு பேன்ட் எடுத்துவிட்டேன். மே மாதம் அதோடு வருகிறேன், மீனுவுக்காக மட்டும். வாசலில் யார் வேண்டுமானாலும் நிற்கட்டும்.

சுஜா

*

கழக்கூட்டம்
25 மே 2025

சுஜாவுக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய். மீனுவிடம் கேட்டால் அவளும் வாயைத் திறப்பதில்லை. உறுதிப்பூசுதல் அன்றைக்கு நீ ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போன பிறகு உள்ளே என்ன நடந்தது என்று உனக்கு யார் சொன்னார்களோ தெரியாது. என் வாயால் நான் சொல்கிறேன்.

வாசலில் நானேதான் துணியை நீட்டினேன். ஆமாம். நேசமணி அக்காவிடம் விட்டிருக்கலாம். சபைத் தலைவி தன் நாத்தனாரை மட்டும் சும்மா விட்டாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். நீ ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாய். அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். வந்திருந்தவர் ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர், வயசானவர், நம் தமிழ்க்காரர். மீனுவின் முறை வந்தது. தோளில் கை இல்லை. அவர் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, "ஞானத்தாய் எங்கம்மா?" என்று கேட்டார். இவள் மைக்குக்குப் பக்கத்தில் நின்று, கோவில் முழுக்கக் கேட்க, "வெளிய நிக்கா சாமி. பேன்ட் போட்டிருக்கான்னு உள்ள விடல்ல" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆரு விடல்ல? கூப்பிடுங்க அந்தப் பிள்ளைய" என்றார். அவ்வளவு லேசாகச் சொன்னார், ஜன்னலைத் திறக்கச் சொல்வது போல. யாரோ வெளியே ஓடினார்கள். உன் ஸ்கூட்டர் நின்ற இடம் காலியாக இருந்தது.

அவர் பங்குச்சாமியைப் பார்த்தார். பங்குச்சாமி என்ன சொன்னார் தெரியுமா? "அங்ஙனெ ஒரு நியமம் இல்ல பிதாவே. இவரில் சிலர் சொந்த இஷ்டத்தினு செய்யுந்நது." அப்படி ஒரு சட்டமே இல்லையாம், சொந்த இஷ்டமாம். பெட்டி வைக்கும்போது தலையாட்டியவர். பெட்டியைப் பார்த்து, "நல்ல காரியம், மலரம்மா" என்றவர். நேசமணி அக்கா தரையைப் பார்த்தாள். துணியை நீட்டி நீட்டிக் கைப்பழக்கம் வந்தவள் அவள். நான் ஒருத்தி மட்டும் அத்தனை பேருக்கு நடுவில் நின்றேன். பட்டுச்சேலையோடுதான் நின்றேன். அந்தத் தூணுக்கே திரும்பிப் போய்விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

கடைசியில் நேசமணி அக்கா எழுந்துபோய் மீனுவின் தோளில் கை வைக்கப் பார்த்தாள். அவள் தோளை உதறினாள். தோளில் யார் கையும் இல்லாமலேதான் ஆயர் அவளுக்கு எண்ணெய் பூசினார்.

பெட்டியைச் சாமான் அறையில் கொண்டு போட்டுவிட்டார்கள். போன ஞாயிறு இரண்டு பெண்கள் ஜீன்ஸோடு வந்து முன் பெஞ்சில், என் இடத்தில், உட்கார்ந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

செய்தது தப்பு என்று நான் சொல்வேன் என்று நீ எதிர்பார்க்கிறாய். சொல்ல மாட்டேன். கோவிலுக்கென்று ஒரு உடுப்பு வேண்டும் என்பதை நான் இன்றைக்கும் விடவில்லை. ஆனால் நீ கொஞ்சம் நின்றிருக்கக் கூடாதா? அவர் கூப்பிடும் வரைக்காவது அந்த வாசலில் நின்றிருக்கக் கூடாதா? வீட்டுக்கு வா சுஜா. மீனு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு நாளாகிறது. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.

மதினி

*

விழிஞ்ஞம்
22 ஜூன் 2025

மதினி அறிய,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுதுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை.

உங்கள் சாமி உங்களைக் கைவிட்ட விதம் அசிங்கம். அதை வாசித்துச் சந்தோஷப்பட நான் அவ்வளவு கெட்டவள் இல்லை. என் முன்னால் அவர் அப்படிச் சொல்லியிருந்தால் உங்களுக்காகத்தான் பேசியிருப்பேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

ஏன் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பாவாடை அன்றைக்கு என் தோள்பையில் இருந்தது. முந்தின நாள் எடுத்து வைத்துப் பார்த்தேன். பிரித்து மறுபடி பேன்ட்டாக்க முடியாது என்று எனக்கும் தெரியும். கோபம் ஒருபக்கம் கிடந்தது. இன்னொரு பக்கம், மீனுவின் தோளில் கை வைக்கும்போது அண்ணன் துணி என்மேல் இருந்தால் நல்லதுதானே என்றும் தோன்றியது. மதினியே வாசலுக்கு வந்து, "உள்ள வா பிள்ளே" என்று ஒரு சொல் சொன்னால், பேன்ட்டுக்கு மேலேயே அதைக் கட்டிக்கொள்வோம் என்று நினைத்துத்தான் வந்தேன். நீங்கள் வந்தீர்கள். என் கை பையின் ஜிப்பில் இருந்தது.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. எல்லாம் எழுதினீர்கள், அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். நான் எழுதுகிறேன். பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று, என்னை ஊர் பேர் தெரியாதவளிடம் பேசுவதுபோல, மலையாளத்தில் சொன்னீர்கள். "சேச்சி, துணி உடுத்திட்டு கேறணம்." உங்கள் கல்யாணத்தன்று உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான். உங்களைவிட எத்தனையோ வயது இளையவள். என்னைப் போய் யாரோ ஒரு அக்காவை அழைப்பதுபோலச் சேச்சி என்றீர்கள். ஜிப்பை மூடிவிட்டேன்.

அண்ணன் அடக்கத்தன்று கட்டிய மஞ்சள் துணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சபைச் சொத்து என்று யாராவது கேட்டால் தர மாட்டேன். குழியில் மண் போட்டுவிட்டு அதில்தான் கை துடைத்தேன். அந்தக் கறை இருக்கிறது.

மீனுவுக்கு நகரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்ததை உங்களிடம் சொல்லியிருப்பாள். என் அறையிலிருந்து போய்வருகிறேன் அத்தை என்றாள். நான் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். வாசலோடு நின்றுவிடுவேன், காப்பி ஒன்றும் போட வேண்டாம்.

அவளுக்கு வேண்டிய உடுப்புகளை ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். பாவாடையோ, பேன்ட்டோ, சுடிதாரோ, எதைக் கொடுத்தாலும் சரி. வெட்டாமல் கொடுங்கள்.

சுஜா